நாவற்றுறைச் சங்கத்துப் பரல்

என் கணவர் றுவைஸ் குசினிச் சுவரில் ஓர் ஆணி அடித்துவிட்டுக் கடலுக்குப் போனார். அவர் திரும்பி வராத அந்தக் கிழமையிலிருந்து, எதிர்க்கரையான நாவற்றுறையில் மீனவர் சங்கத்தின் மண்ணெண்ணெய்ப் பரல், ஒரு பெரிய பீப்பாய், வற்றுவதை நிறுத்திக்கொண்டது. ஆணி அரிக்கன் லாம்பு மாட்டுவதற்காக அடித்தது. லாம்பில் எண்ணெய் இல்லை. இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் ஆண்டு ஆனி மாதம் அது. மின்சாரம் வரும் நேரத்தைவிடப் போகும் நேரம் கூட, மண்ணெண்ணெய் பெற்றோல் டீசல் ஒன்றும் இலங்கையில் எந்த ஊரிலும் இல்லை. எண்ணெய் ஒரு நாள் வரும், வரும்போது ஆணி தயாராக இருக்கட்டும் என்று அவர் அடித்தார். தன்னுடைய உயரத்துக்கு அடித்துவிட்டார். எனக்கு எட்டாது என்று சொன்னேன். "எட்டாட்டி என்னக் கூப்பிடு," என்றார். நீங்கள் கடலில் இருந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "நான் கடல்ல இருந்தா உனக்கு லாம்பு என்னத்துக்கு? படுத்துத் தூங்கு," என்று சொல்லி, விரலில் ஒட்டிய சுண்ணாம்புத் தூளைச் சாரத்தில் துடைத்தார். தூள் முழுவதும் போகவில்லை. அப்படியே போய்விட்டார்.

எங்கள் ஊர் ஈச்சமுனை. ஒரு சின்னக் குடாவின் தென்கரையில் நாங்கள், முஸ்லிம்கள். வடகரையில் நாவற்றுறைத் தமிழர்கள். குரல் கொடுத்தால் கேட்காத, துணி ஆட்டினால் தெரிகிற தூரம். நாவற்றுறையிலிருந்து பெரிய தெருவுக்குப் போகும் ஒரே பாதை எங்கள் ஊருக்குள்ளால்தான் போகிறது. எங்கள் படகுகளுக்கு ஐஸ் அவர்களுடைய கரையில்தான் இறங்குகிறது. இரண்டு கரையிலிருந்தும் பார்த்தால், தூரத்தில் சீனன்குடாப் பக்கத்துக் காட்டுக்கு மேலே பழைய எண்ணெய்த் தாங்கிகளின் தலைகள் தெரியும். அந்த வருடம் அந்தத் தலைகளைப் பார்க்காமல் யாரும் பல் துலக்கவில்லை. கண்ணால் உறிஞ்ச முடிந்திருந்தால் அவை என்றோ காலியாகியிருக்கும் என்று என் கணவரின் தந்தை பக்கீர் மாமா சொல்வார்.

இரண்டு கரைக்கும் பொதுவாக ஒரு வழக்கம் இருந்தது. வரவேண்டிய நேரத்துக்குப் படகு வராவிட்டால் அந்தக் கரையில் கம்பு நட்டு வெள்ளைத் துணி ஏற்றுவார்கள். அதைக் காணும் ஒவ்வொரு கரையும் ஒரு படகை இறக்கித் தேடப் போக வேண்டும். யாருடைய படகு காணாமல் போனது என்பதைத் தேடிவிட்டு வந்த பிறகுதான் கேட்பார்கள். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. படையினரிடம் பாஸ் எடுத்துக் கடலுக்குப் போன யுத்த காலத்திலும் அது நடந்தது; ஊர்கள் ஒன்றோடொன்று கதைக்காத மாதங்களிலும் நடந்தது. நாவற்றுறைச் சின்னராசாவின் தம்பியை அப்படித்தான் பக்கீர் மாமா கவிழ்ந்த தோணியின் வயிற்றிலிருந்து உயிரோடு எடுத்துவந்தார். அதற்குப் பிறகும் சின்னராசா, பக்கீர் மாமாவிடம் மீன்விலைக்குச் சண்டை பிடித்தார். வழக்கம் வேறு, விலை வேறு.

அன்று றுவைஸுடன் படகில் போனவர்கள் அவருடைய தம்பி இன்பாஸும், படகுக்குச் சொந்தக்காரர் அன்ஸாரும். ஈச்சமுனையில் வீட்டுக்கு வீடு போத்தலில் மிச்சமிருந்த எண்ணெயெல்லாம் ஒரு கானில் ஊற்றப்பட்டு அந்தப் படகில் ஏறியது. மீன் வந்தால் எல்லாருக்கும் பங்கு என்பது பேச்சு. அன்று கச்சான் எழுந்தது. கச்சான் எங்கள் பக்கத்தில் கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும் காற்று. எஞ்சின் நின்ற படகை அது குடாவின் வாசலைத் தாண்டி வெளிக்கடலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடும். அடுத்த நாள் விடிய ஈச்சமுனையில் வெள்ளைத் துணி ஏறியது. எங்கள் கரையில் தேடப் போக ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. அறிவிக்க வேண்டிய இடங்களுக்கெல்லாம் அறிவித்தோம். அங்கிருந்து தேடிப் போனவர்கள் காற்றைப் பார்த்துத் திரும்பி வந்தார்கள். குடாவில் எண்ணெய் இருந்த இடம் ஒன்றுதான்: நாவற்றுறைச் சங்கக் கட்டடத்தில் நின்ற நீலப் பரல்.

சங்கத் தலைவர் பாக்கியரத்தினம் அந்தப் பரலை டவுணில் வரிசையில் கிடந்து, வெயிலில் மயங்கி விழுந்து, எழும்பி, திரும்பவும் வரிசையில் நின்று எடுத்துவந்தவர். அது அவருக்குச் சொந்தமில்லை, சங்கத்துக்குத்தான் சொந்தம். ஆனால் அவர் இல்லாவிட்டால் அது அங்கே இருந்திராது. துணியைக் கண்டதும் ஆட்கள் வழக்கப்படி படகை இறக்கப் போனார்கள். பாக்கியரத்தினம் கட்டட வாசலில் நின்று, இரண்டு கரைகளிலும் அதுவரை யாரும் தேடப் போகும் முன் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"ஆற்ற படகு?"

அங்கே நின்ற சின்னராசா பிறகு எனக்குச் சொன்னார்: கேட்டவுடனே எல்லாருக்கும் விளங்கிவிட்டதாம், பதில் என்னவாக இருந்தாலும் படகு போகாது என்று.

"அது கேக்கிற கேள்வி இல்ல, தலைவர்," என்றார் சின்னராசா.

"இவ்வளவு காலமும் கேக்கேல்லத்தான். இவ்வளவு காலமும் எண்ணெய் இருந்தது."

"என்ர தம்பியத் தேடி பக்கீர் வந்தவர்."

"வந்தவர். நான் இல்லையெண்டு சொல்லேல்ல. அண்டைக்கு அவரட்டக் கான் நிறைய இருந்தது." பாக்கியரத்தினம் பரலில் கையை வைத்தார். "இது எங்கட சனத்தின்ர சோறு. கச்சானுக்க எங்கயெண்டு தேடுவ? ஒரு படகு போய் வந்தா இதில கால்வாசி இல்ல. என்ர மகளுக்கு இது மாசம். இன்னும் ரெண்டு பொம்புளையள் வயித்தோட இருக்கினம். வலி எடுத்தா ஓட்டோவுக்குப் பெற்றோல் இல்ல, படகிலதான் டவுணுக்குக் கொண்டுபோக வேணும். மூண்டு பேருக்காக, அதுவும்..."

"அதுவும்?" என்றார் சின்னராசா.

பாக்கியரத்தினம் முடிக்கவில்லை. கட்டடத்தைப் பூட்டித் திறப்பை மடியில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அவர் சொன்ன காரணங்களில் ஒன்றும் பொய்யில்லை. நாவற்றுறையில் அந்தக் கிழமை பல வீடுகளில் பகலில் மட்டும் உலை வைத்தார்கள். அவருடைய வீடும் அதில் ஒன்று. அவர் மனைவி புஷ்பவதி, துணி இன்னும் ஆடுகிறது என்று சொன்னபோது, காற்றுக்கு ஆடுகிறது என்று பதில் சொல்லி யன்னலைச் சாத்தினார். அன்று பின்னேரத்துக்குள் நாவற்றுறையில் குடாவைப் பார்த்த எல்லா யன்னல்களும் சாத்தப்பட்டிருந்தன. எங்கள் கரையிலிருந்து அது ஒரு ஊர் கண்ணை மூடிக்கொண்டது போலத் தெரிந்தது.

கச்சான் தணிந்ததும் நாவற்றுறையார் பரலைத் திறந்து மீனுக்குப் புறப்பட்டார்கள். முதலில் போனவன் பாக்கியரத்தினத்தின் மருமகன் சசிகரன். தெற்கே போகத் திருப்பினான். படகு கிழக்கே திரும்பியது. எஞ்சின் கையை இரண்டு கையாலும் பிடித்து வளைத்தான்; படகு கொஞ்ச நேரம் மரியாதைக்கு நின்றுவிட்டு மறுபடி கிழக்கே, வெளிக்கடல் வாசலை நோக்கிப் போனது. எஞ்சினை நிறுத்தித் துடுப்பு வலித்துக் கரைக்கு வந்தான். எஞ்சினில் கோளாறு என்று வேறு எஞ்சின் பூட்டினார்கள். அதுவும் கிழக்கே போனது. படகில் கோளாறு என்று வேறு படகில் போனார்கள். அதுவும் போனது. எல்லாரும் வாசலைத் தாண்டும் முன் நிறுத்தித் துடுப்பு வலித்து வந்தார்கள். தோள்கள் வீங்கின. எண்ணெயை வீட்டுக்கு எடுத்துப்போய் அடுப்பில் ஊற்றிப் பார்த்தார்கள். அடுப்பு எரிந்தது, ஆனால் தீ முழுவதும் கிழக்குப் பக்கமாகச் சாய்ந்து படுத்தது, சட்டியில் வைத்த தண்ணீர் குளிர்ந்தபடியே இருந்தது. இதற்கிடையில் பரலைத் தட்டிப் பார்த்தவர்கள் அதன் மட்டம் முதல் நாள் இருந்த இடத்திலேயே நிற்பதைக் கண்டார்கள். எவ்வளவு எடுத்தாலும் அவ்வளவும் இருந்தது. அந்தக் காலத்தில் வற்றாத ஒரு பரல் மண்ணெண்ணெய் வைத்திருந்த ஊர் நாட்டிலேயே நாவற்றுறை ஒன்றாகத்தான் இருக்கும். அவர்கள் பட்டினி கிடந்தார்கள்.

எண்ணெய் எங்கே போகச் சொல்கிறது என்று எல்லாருக்கும் விளங்கியது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சின்னராசா மட்டும் ஒரு தடவை, அது போகிற பக்கம் விட்டுப் பார்ப்போமே என்றார். இனிப் போய் என்ன பலன், போனவர்கள் போய்விட்டார்கள் என்று பாக்கியரத்தினம் சொன்னார். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. இப்போது போனால், முதல் நாளே போயிருக்க வேண்டும் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும் என்பதை யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

எங்கள் கரையில் துணி கிழிந்து நூலாகியது. நான் கட்டில் விரிப்பைக் கொடுத்தேன், அதை ஏற்றினார்கள். பெண்கள் வந்து என்னைப் பார்த்துவிட்டு, என்ன பேசுவது என்று தெரியாமல் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசினார்கள். கணவன் மௌத்தாகிவிட்டால் பெண் இத்தா இருக்க வேண்டும். வெளியே போகாமல், அலங்கரிக்காமல், ஒரு காலம் துக்கத்துக்குள் இருந்துவிட்டு வெளியே வரலாம். செய்தி நிச்சயமில்லாமல் இத்தாவைத் தொடங்க முடியாது என்று மௌலவி சொன்னார். அவர் சொன்னதும் சரி. ஆகவே நான் மனைவியும் இல்லை விதவையும் இல்லை. துக்கத்துக்குள் போகவும் முடியவில்லை, போகாததால் வெளியே வரவும் முடியவில்லை. இன்பாஸின் மனைவி ஷிஃபானாவும் அன்ஸாரின் மனைவி பஸ்மியாவும் அப்படியே. மூன்று பேரும் பின்னேரங்களில் ஒரே பாயில் இருந்து ஒரே பக்கத்தைப் பார்த்தோம்.

எங்கள் கரை இளைஞர்கள் வேறு பக்கத்தைப் பார்த்தார்கள். ஸப்வான் என்ற பொடியன் தலைமையில் ஒரு தென்னங்குற்றியை உருட்டிவந்து நாவற்றுறைப் பாதைக்குக் குறுக்கே போட்டார்கள். "எங்கட சனத்தத் தேட வராதவனுக்கு எங்கட ரோட்டு என்னத்துக்கு?" என்றான் ஸப்வான். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்தில் இதைப் பற்றிக் கதை வந்தது. சிலர் கூடாது என்றார்கள். ஒருவன் பக்கீர் மாமாவைப் பார்த்து, உங்கட மகன்மார் ரெண்டு பேர் போன வீடு, நீங்க சொல்லுங்க என்றான். மாமா தொப்பியைக் கழற்றி மடித்தார், விரித்தார், திரும்பவும் மடித்தார். குற்றி அங்கேயே கிடந்தது.

ஒரு காலைநேரம் பாக்கியரத்தினத்தின் மகள் தர்சிகாவுக்கு வலி எடுத்தது. அவளை ஓட்டோவில் ஏற்றி, பெற்றோல் இல்லாததால் சசிகரனும் இன்னும் சிலரும் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பாக்கியரத்தினம் முன்னால் நடந்தார், புஷ்பவதி பின்னால். குற்றியடியில் ஸப்வான் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஆற்ற ஆக்கள்?" என்று கேட்டான்.

"தம்பி, பிள்ளைப் பேறு. கொஞ்சம் எழும்புங்கோ," என்றார் புஷ்பவதி.

"ஆற்ற ஆக்கள் எண்டுதான் கேட்டன்."

"என்ர மகள்," என்றார் பாக்கியரத்தினம்.

"அப்ப கடலால போங்க, தலைவர். உங்களட்டத்தான் எண்ணெய் இரிக்கே."

பாக்கியரத்தினம் அவனை அடிப்பார் என்று தள்ளிவந்தவர்கள் நினைத்தார்கள். அவர் அடிக்கவில்லை. அந்தப் பொடியனின் முகத்தை நன்றாகப் பார்த்தார். அது பழக்கமான முகமாக இருந்தது என்று பிறகு சொன்னார். ஓட்டோவைத் திருப்பச் சொன்னார். சங்கக் கட்டடத்தைத் திறந்து தானே பரலைச் சரித்துக் கானை நிரப்பினார். ஒரு கர்ப்பிணிக்காக இந்த எண்ணெய் ஒரு தடவையாவது மேற்கே போகாதா என்று நம்பினார். வேறு வழியும் இருக்கவில்லை.

படகு கரையை விட்டதும் கிழக்கே திரும்பியது. நடந்ததைப் புஷ்பவதி என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி.

"திருப்புங்கோ தம்பி, டவுண் அங்கால," என்றாராம்.

"திரும்புதில்ல மாமி."

"எஞ்சின நிப்பாட்டு," என்றார் பாக்கியரத்தினம். சசிகரன் நிறுத்தினான். படகு நின்றது, தர்சிகாவின் வலி கூடியது. அவள் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, நிப்பாட்டாதீங்க. எங்கயாவது போகட்டும். நிண்டாத்தான் ஏலாமக் கிடக்கு," என்றாள். எஞ்சினைப் போட்டார்கள். கிழக்கே போகப் போக வலி தணிந்தது. மேற்கே திருப்பப் பார்த்தபோது கூடியது. வெளிக்கடல் வாசலில் அலை உயர்ந்தது. பாக்கியரத்தினம் மகளைப் பார்த்தார், எஞ்சின் கையை இன்னும் வளைத்துக்கொண்டிருந்த சசிகரனைப் பார்த்தார். பிறகு, பரலைத் திறந்த நாளிலிருந்து யாரும் செய்யாததைச் செய்யச் சொன்னார்.

"கைய விடு. அது போற இடத்துக்குப் போகட்டும்."

சசிகரன் கையை விட்டான். படகு கயிற்றை விட்ட மாடு போல நேராக ஓடியது. ஒரு கான் எண்ணெய்க்குப் போக முடியாத தூரம் அது. கரையின் மலைகள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் இறங்கிக் காணாமல் போயின. வெயில் இன்னும் தலைக்கு வரவில்லை. தர்சிகா அம்மாவின் மடியில் அயர்ந்துகூடப் போனாள். அன்ஸாரின் படகு, யாரோ வந்து ஏற்றிப் போவதற்காகச் சந்தியில் காத்திருப்பது போல, அலையில்லாத ஒரு வட்டத்துக்குள் நின்றது. அன்ஸார் எழுந்து நிற்கப் பார்த்து முடியாமல் உட்கார்ந்தார். உதடு வெடித்து, தாடி நெஞ்சுவரை வந்திருந்தது.

"தலைவரே," என்றார், "மீன் ஒண்டும் இல்ல."

புஷ்பவதி அதுவரை அழவில்லை. அப்போதுதான் அழுதார்.

இன்பாஸும் உயிரோடு இருந்தான். இடையில் பெய்த மழையைத் தார்ப்பாயில் பிடித்துக் குடித்தும், பச்சை மீனைத் தின்றும் இருந்திருக்கிறார்கள். அவன் படகின் முன்பக்கத்தைக் காட்டினான். றுவைஸ் தார்ப்பாயின் கீழ் கிடந்தார். முதல் கிழமையிலேயே காய்ச்சல் பிடித்து, கடைசிவரை யாராவது வருவார்கள், துணி ஏறியிருக்கும் என்று சொல்லிக்கொண்டே இருந்து, மழைக்கு முந்திய நாள் மௌத்தாகியிருந்தார். முதல் நாளே படகு வந்திருந்தால் அவர் இருந்திருப்பார். இன்பாஸ் இதைச் சொன்னபோது யாரையும் குற்றம் சாட்டுவதற்காகச் சொல்லவில்லை, கேட்டதற்குச் சொன்னான். கேட்டவர் பாக்கியரத்தினம். மழை பெய்து நாளாகியிருந்தும் றுவைஸின் உடம்பு காலையில் படுத்தவர் போல இருந்தது. மையித்தைக் கரையேற்றியபோது நான் கையைப் பார்த்தேன். ஆணி அடித்தபோது விரலிடுக்கில் ஒட்டிய சுண்ணாம்புத் தூள் அப்படியே இருந்தது. அத்தனை கடலும் அதைக் கழுவியிருக்கவில்லை.

மூன்று பேரையும் ஏற்றி, வெறும் படகைக் கயிற்றில் கட்டியதும், எஞ்சின் சொல்வழி கேட்டது. சசிகரன் காட்டிய பக்கமெல்லாம் படகு போனது. வலி திரும்பி வந்தது. அன்ஸாரும் இன்பாஸும் கடலைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அன்ஸார் தனக்குத் தெரிந்த ஓதலையெல்லாம் ஓதினார்; நடுவில், "அல்லாட காவல், முருகா எண்டு நீங்களும் கூப்பிடுங்க தங்கச்சி, ஆராவது வரட்டும்," என்றாராம். டவுண் துறைமுகத்துக்குள் நுழையும்போது பெண்பிள்ளை பிறந்தது. புஷ்பவதி வலை வெட்டும் கத்தியைச் சுடுதண்ணிப் போத்தலில் இருந்து ஊற்றிக் கழுவித் தொப்புள்கொடியை வெட்டினார். பிள்ளையைச் சுற்றத் துணி போதாமல் இன்பாஸ் தன் தலையில் கட்டியிருந்ததைக் கொடுத்தான். ஆஸ்பத்திரியில் தாயும் பிள்ளையும் ஒரு பக்கமும், அன்ஸாரும் இன்பாஸும் இன்னொரு பக்கமும் எடுக்கப்பட்டார்கள். எல்லாரும் பிழைத்தார்கள்.

றுவைஸின் மையித்தோடு படகு குடாவுக்குள் வந்தபோது நாவற்றுறையின் யன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. எங்கள் கம்பிலிருந்து என் கட்டில் விரிப்பை இறக்கினார்கள். பாதையில் தென்னங்குற்றி இருக்கவில்லை. யார் எடுத்தது என்று இரண்டு ஊரிலும் யாரும் கேட்கவில்லை, ஆனால் ஸப்வானின் உள்ளங்கைகளில் அன்று சிராய்ப்பு இருந்தது. ஜனாஸாவுக்கு நாவற்றுறையார் வந்து மையவாடிக்கு வெளியே நின்றார்கள். பஸ்மியாவும் ஷிஃபானாவும் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, தங்களுக்கு வந்த சந்தோஷத்தை என்னிடமிருந்து மறைக்கப் பார்த்தார்கள். மறைக்க வேண்டாம் என்று சொன்னேன். என் நெஞ்சிலும் பாரம் இறங்கித்தான் இருந்தது. அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்கு இப்போது தெரியும். பள்ளிக்குப் பின்னால், வேம்புக்கு இரண்டாவது வரிசையில். அன்று பின்னேரம் நான் இத்தாவுக்குள் போனேன். அந்தக் கதவு எனக்குத் திறந்ததே பெரிய ஆறுதலாக இருந்தது.

பாக்கியரத்தினம் செய்தது சரியா என்று அதற்குப் பிறகு இரண்டு கரைகளிலும் கல்யாண வீட்டிலும் தேத்தண்ணிக் கடையிலும் கதைத்தார்கள். அவர் பரலைப் பூட்டி வைக்காவிட்டால் தர்சிகாவை ஏற்ற எண்ணெய் இருந்திராது, அன்ஸாரும் இன்பாஸும் திரும்பியிருக்கவும் மாட்டார்கள் என்றார்கள் சிலர். முதல் நாளே போயிருந்தால் மூன்று பேரும் வந்திருப்பார்கள், எண்ணெயும் மிச்சம் இருந்திருக்கும் என்றார்கள் மற்றவர்கள். தன் சனத்தைப் பார்க்காதவன் தலைவனா என்றார்கள். சனம் என்பது எந்த வேலியோடு முடிகிறது என்றும் கேட்டார்கள். நான் இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். யோசிப்பதற்கு எனக்கு நேரம் இருந்தது. பட்டினியும் பிள்ளைப்பேறும் உண்மை. அவற்றை மட்டும் வைத்து, மூன்று உயிரையும் அதே தராசில் போட்டுப் பார்த்துவிட்டு, ஏலாது என்று அவர் சொல்லியிருந்தால், நான் அழுதிருப்பேன், ஆனால் அவரோடு வழக்காடியிருக்க மாட்டேன். அவர் 'அதுவும்' என்றொரு சொல் சொன்னார். தராசின் தட்டில் விரல் வைத்தது அந்தச் சொல்தான். குற்றியில் உட்கார்ந்திருந்த ஸப்வானின் விரலும் அதே தட்டில்தான் இருந்தது.

நான் இத்தாவில் இருந்த காலத்தில் பாக்கியரத்தினம் எங்கள் வீட்டுக்கு வந்தார். வெளி ஆண்கள் என்னைப் பார்க்கக் கூடாது என்பதால் முற்றத்தில் நின்றார். பக்கீர் மாமா கதிரை போட்டார், அவர் உட்காரவில்லை. நான் திரைக்கு இந்தப் பக்கம் இருந்தேன். அவர் திரையோடு பேசினார்.

"பிள்ள, நான் மன்னிப்புக் கேக்க வரேல்ல. கேட்டா, அண்டைக்கு நான் நினைச்சதெல்லாம் பொய் எண்டு ஆகும். பொய்யில்ல. எங்கட சனத்துக்காகத்தான் செய்தனான்."

"ஸப்வானும் அப்பிடித்தான் சொன்னவன்," என்றேன்.

மாமா இருமினார். முற்றத்தில் கோழி ஒன்று எதையோ கிளறிக்கொண்டிருந்தது.

"ஓம்," என்றார் பாக்கியரத்தினம். "அவன்ர முகத்தப் பாத்த நேரம்தான் என்ர முகம் எப்பிடி இருந்திருக்கும் எண்டு தெரிஞ்சது."

"பரல என்ன செய்தீங்க?"

"அப்பிடியே கிடக்கு. வத்துதுமில்ல, தொழிலுக்கு உதவுதுமில்ல. இப்ப கிழக்க இழுக்கிறத விட்டுட்டுது. ஊத்தினா எஞ்சின் உறுமும், படகு நிண்ட இடத்தில நிக்கும்."

"அது தேடுறதுக்கெண்டு வந்த எண்ணெய், தலைவர்," என்றார் மாமா. "வேற வேலைக்கு வராது."

"எனக்கும் அப்பிடித்தான் விளங்கினது, பக்கீர் காக்கா. நேரம் போய் விளங்கினது."

நான் சொன்னேன்: "எந்தக் கரையில துணி ஏறினாலும் அதில இருந்து ஊத்துங்க. ஆற்ற எண்டு கேக்காதீங்க."

"கேக்க மாட்டன்." அவர் நேர்மையான மனிதர். அதனால் அங்கே விட்டுவிட முடியவில்லை. "ஆனா பிள்ள, நாளைக்கு இது இல்லாமல், வத்துற பரல் ஒண்டு மட்டும் இருந்தா, எங்கட பிள்ளையளும் பசியோட கிடந்தா, நான் கேக்காமல் இருப்பன் எண்டு சத்தியம் பண்ண ஏலாது."

"அப்ப கேட்டுட்டாவது வாங்க," என்றேன்.

மாமா சிரித்துவிட்டார். மகன் போனபிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. பாக்கியரத்தினமும் சிரித்தாரா என்று எனக்குத் தெரியாது, திரை இருந்தது. அவர் கதிரையை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது. ஷிஃபானா தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தாள். போகும்போது ஒரு போத்தல் எண்ணெயைப் படிக்கட்டில் வைத்துவிட்டுப் போனார்.

அந்த எண்ணெயைத்தான் றுவைஸின் லாம்பில் ஊற்றினேன். பிறகு நாட்டில் எண்ணெய் வந்துவிட்டது, வரிசைகள் போய்விட்டன, மின்சாரமும் ஒழுங்காக இருக்கிறது. ஆனாலும் பொழுதுபடும் மஃரிப் தொழுகை நேரத்துக்கு அந்த லாம்பை ஏற்றுகிறேன். போத்தலிலும் மட்டம் இறங்கவில்லை. எல்லாரும் கரைக்கு வந்துவிட்ட நாட்களில் சுடர் நேராக நிற்கும். யாராவது கடலில் அகப்பட்டுக்கொண்டால், காற்றில்லாமலே அந்தப் பக்கம் சாயும். நான் பக்கீர் மாமாவிடம் சொல்வேன், மாமா துணி ஏற்றுவார், நாவற்றுறையார் பரலில் இருந்து ஊற்றிக்கொண்டு கேட்காமல் புறப்படுவார்கள். மூதூர்ப் படகு ஒன்றும், சாம்பல்தீவுப் படகு ஒன்றும், சிங்களத்தில் எழுதிய பெயரை எங்களுக்கு வாசிக்கத் தெரியாத தென்பகுதிப் படகு ஒன்றும் இப்படி வந்து சேர்ந்திருக்கின்றன. இதை இரண்டு ஊரிலும் இப்போது யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. புதிதாக மருமகளாக வருகிறவர்களுக்குக் கிணறு எங்கே, கடை எங்கே என்று சொல்லும்போது பரல் எங்கே என்றும் சொல்லிவிடுகிறார்கள். தர்சிகாவின் மகள் அதன் மேல் ஏறி இருந்து காலை ஆட்டுவாள். பாக்கியரத்தினம் இறங்கச் சொல்வார், அவள் கேட்பதில்லை.

இன்று சுடர் நேராக நின்றது. எல்லாரும் வந்துவிட்டார்கள். ஆணி இன்னும் எனக்கு எட்டாது. கதிரை போட்டு ஏறித்தான் லாம்பை மாட்டினேன்.